ஓரத்தில் பூசிய இருட்டு



இந்த வாரம் ஒரு கித்தாரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கோயில் தாளில் கித்தாருக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். அதுவும் மின்சாரத்தில் முழங்குகிற கித்தார்! அதைப் பூசையில் வாசிக்கலாமா கூடாதா என்ற வழக்கை நான் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. 1963-ம் ஆண்டு டிசம்பர் 4-ம் தேதி வெளியான வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு குழாய் ஆர்கனுக்கு முதல் மரியாதை கொடுத்து, மற்ற வாத்தியங்களைத் திருச்சபை அதிகாரிகளின் அனுமதிக்கு விட்டிருக்கிறது. அது போதும். நான் சொல்ல வந்தது கித்தாரின் சத்தத்தைப் பற்றியல்ல, அதன் வர்ணத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வர்ணத்தில் நான் செய்த ஒரு குற்றத்தைப் பற்றி.

2012-ம் ஆண்டு நான் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்திலே, கலமசூ என்ற நகருக்கு அருகே ஒரு சிறு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். கித்தார் தெரிந்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரே போதும். பார்சன்ஸ் தெருவில் உயர்ந்த புகைபோக்கியோடு ஒரு பழைய செங்கல் தொழிற்சாலை நிற்கிறது. கிப்சன் கம்பெனியார் 1917 முதல் 1984 வரை அங்கேதான் கித்தார்களும் மாண்டலின்களும் செய்தார்கள். கம்பெனி நாஷ்வில் நகருக்குப் போய்விட்டபோது, ஊரை விட்டுப் போக மனமில்லாத தொழிலாளர் சிலர் 1985-ல் அதே கட்டடத்தில் ஹெரிடேஜ் என்ற பெயரில் சொந்தத் தொழில் தொடங்கினார்கள்.

என் பங்கில் ஒரு முதியவர் இருந்தார். 1961-ல் வாலிபனாக அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்து, கதவு மூடும் நாள்வரை லேக்கர் தெளிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். நான் பார்த்தபோது அவருக்கு மூச்சு இளைப்பு. கண்ணிலும் ஒரு வியாதி: பார்க்கிற பார்வையில் நடுப்பாகம் மங்கிப்போய் ஓரம் மட்டும் தெரியும். நம் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவர் நம் காதுக்கு அப்பால் பார்ப்பார். கோயிலுக்கு வர முடியாது. ஆகையால் ஒவ்வொரு மாதமும் தலைவெள்ளியன்று நான் திவ்விய நன்மை கொண்டுபோவேன். அவரோடு அவருடைய மகளும், மகளுடைய மகனும் இருந்தார்கள். பையனுக்குப் பதினாறு வயது. என் பூசைக்கு உதவி செய்கிற பிள்ளைகளில் அவனும் ஒருவன். தகப்பன் குடும்பத்தை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அது வேறு கதை.

இந்தப் பையன் எட்டு மாதமாகத் தன் கையாலேயே ஒரு மின் கித்தார் செய்துகொண்டிருந்தான். உடம்புக்கு மகோகனிப் பலகை, அதன் மேல் முகப்புக்கு மேப்பிள் பலகை. அறுத்தது, செதுக்கியது, ஒட்டியது எல்லாம் அவனே. தாத்தா நாற்காலியில் இருந்துகொண்டு சொல்லுவார், பையன் செய்வான். கதவுக்கு அப்பால் நின்று நான் வேடிக்கை பார்த்தேன். வேடிக்கை பார்த்தவன் பிறகு கையும் நீட்டினேன். பூசை உடுப்புத் தவிர வேறெதையும் ஒழுங்காக மடிக்கத் தெரியாதவன் நான். ஆனாலும் தச்சுவேலைக் கொட்டகைக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. 1955-ல் 12-ம் பத்திநாதர் பாப்பானவர் மே மாதம் முதல் தேதியை உழைப்பாளியான அர்ச். சூசையப்பருக்குத் திருநாளாக ஏற்படுத்தினார். அந்தத் திருநாளில் வருஷா வருஷம் உழைப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறேன். ஒரு நாளாவது உப்புத்தாளைப் பிடித்ததில்லை.

மரவேலை முடிந்து வர்ணம் பூசும் கட்டம் வந்தது. பையனுக்கு வேண்டியது 'சன்பர்ஸ்ட்' என்கிற வர்ணம். மேகத்தைக் கிழித்துக்கொண்டு சூரியன் புறப்பட்டாற்போல, பலகையின் நடுவே தேன்நிறம். ஓரத்தை நெருங்க நெருங்கச் செம்பழுப்பு. கடைசி விளிம்பில் ஏறக்குறையக் கறுப்பு. எங்கே ஒரு நிறம் முடிந்து மற்றது தொடங்குகிறதென்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தால் அது கெட்ட வேலை.

இதன் பூர்வீகம் வினோதமானது. இத்தாலியாவில் கிரெமோனா நகரத்துப் பழைய வயலின்களிலே, பல தலைமுறைக் கைகள் பட்டுப் பட்டு நடுவில் வார்னிஷ் தேய்ந்து வெளுத்திருக்கும். கை படாத ஓரங்களில் கறுத்து நிற்கும். 1922-ல் வெளிவந்த கிப்சன் எஃப்-5 மாண்டலினுக்கு அந்தச் சாயலிலேயே வர்ணம் கொடுத்து, 'கிரெமோனா பழுப்பு' என்று பெயரும் வைத்தார்கள். இருநூறு வருஷத்துத் தேய்மானத்தை ஒரு புதுச் சாமானுக்கு ஒரே வாரத்தில் பூசிக் கொடுக்கிற வித்தை! 1954-ல் கலிபோர்னியாவில் பெண்டர் கம்பெனியாரும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாருக்கு இதே மாதிரி வர்ணம் பூசினார்கள். இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. அதை முதியவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டிச் செய்த மலிவான பலகையானால், ஒட்டு தெரிகிற ஓரத்தில் இருட்டைச் சற்று அகலமாகப் பூசிவிட்டால் வாங்குகிறவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 'பாதர், நடுவில் அழகைக் காட்டலாம், ஓரத்தில் குற்றத்தை மறைக்கலாம். இரண்டும் ஒரே கன்தான்' என்றார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

கற்றுக்கொடுப்பதில் அவர் கண்டிப்பானவர். முதலில் அந்தக் கார் கொட்டகையில் வெந்நீர் அடுப்பின் சிறு சுடரை அணைக்கச் செய்தார். என்.சி. லேக்கர் என்பது விளையாட்டுச் சாமானல்ல. அதன் ஆவியில் ஒரு பொறி பட்டால் கொட்டகையே போய்விடும். மூக்குக்கு வெறும் துணி உதவாது. ஆவியைத் தடுக்கிற வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். அவருடைய காலத்து வாலிபர்கள் அதையெல்லாம் பெரிதாக எண்ணவில்லையாம். தம்முடைய மூச்சு இளைப்பைச் சுட்டிக் காட்டுவார்; அதற்கு மேல் பேசமாட்டார்.

முதல் நாள் முழுவதும் ஸ்பிரே கன்னில் ஊற்றியது வெறும் தண்ணீர். அட்டைப் பெட்டிகளின் மேல் தெளித்துக்கொண்டிருந்தோம். கன் பலகையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் இருக்கவேண்டும். கிட்டப் போனால் வழியும். தூரப் போனால் காற்றிலேயே உலர்ந்து மணல் மாதிரி உட்காரும். கையை அரிவாள் வீசுவதுபோல் வளைத்து வீசக்கூடாது. பலகைக்கு நேராக, ஒரே வேகத்தில் நகரவேண்டும். விசையை அழுத்துமுன் கை நகரத் தொடங்கியிருக்க வேண்டும். விசையை விட்டபின்னும் கை நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். நின்ற இடத்தில் வர்ணம் தேங்கும். ஓரத்துக்கு இருட்டு கொடுக்கும்போது கன்னை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பிடிக்கவேண்டும். அப்போது சிதறுகிற தூசு பலகைக்கு வெளியே போகும். நடுவிலுள்ள தேன்நிறம் அழுக்காகாது. இவ்வளவையும் அவர் சொல்லித் தந்தது வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டு, காதால் கேட்டே. கன்னின் சீறல் ஒரு இழை மாறினாலும் 'கை நின்றுவிட்டது' என்பார். நின்றுதான் இருக்கும்.

தண்ணீருக்குப் பின் சாயம் கலந்த லேக்கர். அப்போதும் கித்தாரின் மேல் அல்ல, கழிவுத் துண்டுகளின் மேல். மூன்று வாரம் கழிவுத் துண்டுகள்! பையன் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்தவன் நான். ஒரே தடவையில் தடிமனாகத் தெளித்தால் என்ன என்று கேட்டேன். அவர் சொன்ன காரணம் எனக்கு மறக்கவில்லை. மற்ற வர்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கைவிரிப்புப்போல் கிடக்கும். என்.சி. லேக்கர் அப்படியல்ல. மேலே விழுகிற ஒவ்வொரு பூச்சும் கீழே இருக்கிற பூச்சைச் சற்றே கரைத்து, அதற்குள் இறங்கி ஒன்றாகிவிடும். ஆகையால் ஒவ்வொன்றும் மெல்லியதாக, பார்த்தால் ஒன்றுமே விழாததுபோல் இருக்கவேண்டும். பத்துத் தடவை சென்றபிறகுதான் அட, இருட்டியிருக்கிறதே என்று கண்ணுக்குத் தெரியவேண்டும். ஈரக் காற்றடிக்கிற நாளில் தொடவே கூடாது. தின்னர் ஆவியாகும்போது பலகையின் மேல்பக்கம் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொள்ளும். லேக்கர் பால்போல் வெளுத்துவிடும். ஈரம் லேக்கரை வெளுக்கச் செய்யும். பிரியமானவர்களே, இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் மாதம் நடுவில், காய்ந்த நாட்களாகப் பார்த்து, பையன் தன் கித்தாருக்குத் தேன்நிறம் கொடுத்தான். அடுத்த இரண்டு மூன்று நாளில் செம்பழுப்பும் கொடுத்து, கடைசி இருட்டைத் தொடங்கினான். அருமையாக வந்திருந்தது. மேப்பிளின் உள்வரிகள் தண்ணீருக்கடியில் மணல் வரிபோல் அசைந்து தெரிந்தன. குளிர் வருமுன் மேலே தெளிவான லேக்கரும் பூசிவிட்டால், மூன்று நான்கு வாரம் காயவிட்டு, கிறிஸ்மஸுக்குத் தேய்த்து மெருகேற்றிவிடலாம் என்பது திட்டம். தாத்தாவின் கண்ணில் மிச்சமிருந்த பார்வைக்கு அந்தக் கிறிஸ்மஸ் முக்கியமென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் நான் அங்கே போனேன். பெரியவரை மகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். பையன் பள்ளி விளையாட்டுக்குப் போயிருந்தான். கொட்டகை திறந்திருந்தது. கித்தார் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிப் பார்த்தேன். அதன் இடுப்பு வளைவிலே ஒரு பக்கம் இருட்டு மற்றப் பக்கத்தைவிட ஒரு நூல் குறைவாக இருந்ததாக எனக்குப் பட்டது. சாயம் கலந்த லேக்கர் மூடிபோட்ட சீசாவில் தயாராக இருந்தது. மூன்று வாரம் கழிவுத் துண்டுகளில் நானும் பழகியவன்தானே! பையனுக்கு ஒரு உபகாரம் செய்யலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அந்த அழகான சாமானில் என் கையும் பட்டிருக்க வேண்டும் என்ற ஆசை.

முதல் தடவை நன்றாகத்தான் போயிற்று. இரண்டாம் தடவை அந்த வளைவிலே, எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கக் கையை நிறுத்தினேன். அவ்வளவுதான். கண்ணீர்த் துளிபோல ஒரு பழுப்புத் துளி திரண்டு, கீழே வழிந்தது. அதை விட்டிருந்தால்கூடப் பிறகு தேய்த்துச் சரிசெய்திருக்கலாம். விரலால் துடைத்தேன். கீழிருந்த பூச்சும் கூடவே கிளம்பி வந்தது. என் விரல் ரேகை தேன்நிறத்தில் பதிந்துவிட்டது. நெஞ்சு படபடத்தது. அப்போது பெரியவர் சிரித்துக்கொண்டு சொன்ன சௌகரியம் எனக்கு ஞாபகம் வந்தது. ஓரத்தில் இருட்டைக் கொஞ்சம் அகலப்படுத்தினேன். ஒரு பக்கம் அகலமானால் மறுபக்கமும் அகலமாக வேண்டுமே, அதையும் செய்தேன். சுற்றிலும் ஒரு விரற்கடை இருட்டு கூடிற்று. விரல் ரேகை மறைந்தது. கன்னைத் தின்னர் விட்டுக் கழுவினேன், சீசாவை மூடினேன், எல்லாம் இருந்த இடத்தில் வைத்தேன். ஒழுங்காக எதையும் மடிக்கத் தெரியாதவன் என்று முன்னே சொன்னேன். அன்றைக்கு என்னைப்போல் ஒழுங்கானவன் இல்லை.

அன்று மாலையே சமாசாரம் கேட்பதுபோல் திரும்பப் போனேன். பெரியவர் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். கைவிளக்கைப் பலகைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, கண்ணின் ஓரத்தால் பார்த்துக்கொண்டிருந்தார். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளமெல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். துடைத்த இடத்தின் தழும்பு அங்கே இருந்தது. 'இவ்வளவு கறுப்பு உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?' என்று பையனைக் கேட்டார். அவன், 'நான் செய்யவில்லை, தாத்தா' என்றான். 'கை தவறினால் தவறிற்று என்று சொல். பொய் சொல்லாதே' என்றார் அவர். பையனின் காதெல்லாம் சிவந்துவிட்டது. நான் மூன்று முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? 'ஒருவேளை ஈரக் காற்றினால் இப்படி ஆகியிருக்கலாம்' என்றேன்.

ஈரம் லேக்கரை வெளுக்கச் செய்யும், கறுக்கச் செய்யாது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். என் காதுக்கு அப்பால் பார்த்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனார்.

தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த அர்ச். இராயப்பரைப் பற்றி நான் எத்தனையோ பெரிய வெள்ளிக்கிழமைகளில் பிரசங்கித்திருக்கிறேன். அவரைக் கேள்வி கேட்டது ஒரு வேலைக்காரி. உயிருக்கே ஆபத்தான சமயம். என்னைக் கேள்வி கேட்டவர் யாருமில்லை. எனக்கு ஆபத்தும் இல்லை. ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் முன்னால் கைத்திறமையில்லாதவனாகத் தோன்றுவேன் என்ற வெட்கம் மட்டுந்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதே பையன் என் பூசைக்கு உதவி செய்தான். இரசமும் தண்ணீரும் கொண்டுவந்தான். பிறகு கிண்ணத்தைக் கீழே பிடித்து, என் விரல்களின் மேல் தண்ணீர் ஊற்றினான். என் வலதுகை நகக்கண்ணில் பழுப்புச் சாயம் இன்னும் போகவில்லை. அவன் அதைப் பார்த்தான். துவாலையை நீட்டினான். நான் துடைத்துக்கொண்டேன். அன்றைய பிரசங்கம் எதைப் பற்றியது என்று இப்போது எனக்கு ஞாபகமில்லை.

அந்த வாரம் பக்கத்துப் பங்கின் வயோதிகக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் அதிகம் பேசுகிறவரல்ல. பிறர் பொருளை எடுத்தவன் பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பிறர் பெயரைக் கெடுத்தவன் பெயரைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இது ஞானோபதேசத்தில் சின்னப் பிள்ளைகள் படிக்கிற பாடமென்று மட்டும் சொன்னார். அதை அவர் சொல்லித்தான் நான் கேட்கவேண்டியிருந்தது, பாருங்கள்.

ஆறாம் நாள் போய்ச் சொன்னேன். பையனும் தாத்தாவும் இருந்தார்கள். நான் பேசி முடிக்கும்வரை பெரியவர் குறுக்கிடவில்லை. பிறகு, 'ஈரம் கறுப்பாக்காது, பாதர்' என்றார். 'தெரிந்தும் ஏன் சும்மா இருந்தீர்கள்?' என்றேன். 'பையனிடம் அன்று ராத்திரியே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மற்றது உங்கள் பாடு' என்றார். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை என் கைகளில் தண்ணீர் ஊற்றியபோது பையனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து வீட்டுக்குள் போய்விட்டான். கதவை அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினான். அறைந்திருந்தால் எனக்கு இன்னும் நன்றாயிருந்திருக்கும்.

கெட்டுப்போன இருட்டை மட்டும் எடுத்துவிட்டு, கீழே உள்ள தேன்நிறத்தைக் காப்பாற்ற முடியாதா என்று பெரியவரைக் கேட்டேன். முடியாது என்றார். எல்லாப் பூச்சும் ஒன்றோடொன்று கரைந்து ஒரே தோலாகிவிட்டது. மேல் பூச்சு நல்லது, கீழ்ப் பூச்சு கெட்டது என்று பிரிக்க அங்கே இரண்டு இல்லை. பையன் நன்றாகச் செய்ததும், நான் கெடுத்ததும் சேர்ந்தே போகவேண்டும். மரம் தெரியும்வரை. தின்னர் நனைத்த துணியையும் உப்புத்தாளையும் என்னிடம் கொடுத்தார்.

எரேமியாஸ் தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போன கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சக்கரத்தின் மேல் பாத்திரம் கெட்டுப்போகிறது; குயவன் அதே களிமண்ணைப் பிசைந்து வேறு பாத்திரம் வனைகிறான். அந்தக் கதையைச் சொல்லுகிற நாம் எப்போதும் குயவனுடைய பொறுமையைப் பார்க்கிறோம். களிமண் பிசைபடுகிறதை நான் அந்த நவம்பரில்தான் யோசித்தேன். தேன்நிறம் என் துணியில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வந்தது. எட்டு மாத வேலையின் அழகெல்லாம் கந்தலில் ஏறிற்று. நான்கு மாலைப்பொழுது பிடித்தது. மூன்றாம் மாலை பையன் வந்தான். ஒன்றும் பேசவில்லை. ஒரு உப்புத்தாளை எடுத்து மறுபக்கத்தில் தேய்க்க ஆரம்பித்தான்.

அதற்குள் குளிர் இறங்கிவிட்டது. அந்தக் குளிரில் கொட்டகையில் லேக்கர் தெளிக்க முடியாது. கிறிஸ்மஸுக்குக் கித்தார் இல்லை. வெள்ளை மரமாகப் பெரியவரின் படுக்கையறைச் சுவரில் தொங்கிற்று. அந்தக் குளிர்காலத்தில் அவர் பார்வையில் மிச்சமிருந்ததும் பெரும்பாலும் போய்விட்டது. டாக்டர் எப்படியும் இப்படித்தான் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் அவர் பார்க்கவேண்டியிருந்த ஒன்றை அவர் பார்க்காமல் போனதற்கு நான் காரணம். அதை ஒருவரும் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை.

தலைவெள்ளிகளில் நன்மை கொடுத்தபின் சற்று நேரம் உட்கார்ந்திருப்பேன். பழைய கதைகள் சொல்லுவார். 1958-ம் ஆண்டு நடுவில் கிப்சன் கம்பெனியார் லெஸ் பால் என்ற கித்தாருக்கு அதுவரை பூசிவந்த பொன்வர்ணத்தை விட்டுச் சிவப்புச் சன்பர்ஸ்ட் பூசத் தொடங்கினார்கள். சுமார் இருநூற்றைம்பது டாலர் விலை. வாங்க ஆளில்லை, 1960-ல் நிறுத்திவிட்டார்கள். அதோடு ஒரு குறையும் சேர்ந்தது. அந்தச் சிவப்புச் சாயம் வெயில் தாங்கவில்லை. ஜன்னலோரத்தில் இருந்தவை, கடைக் கண்ணாடிக்குள் நின்றவை எல்லாம் நிறம் இழந்தன. ஒன்று தேன்போல, ஒன்று தேயிலைத் தண்ணீர்போல, ஒன்று எலுமிச்சம்பழம்போல. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. இன்றைக்கு அந்த மங்கிப்போன கித்தார்களுக்குத்தான் லட்சக்கணக்கான டாலர் விலை. புதுக் கித்தார்களில் அந்த மங்கலைப் பூசிக் கொடுக்கும்படி ஜனங்கள் கேட்கிறார்கள். 'நான் சேர்ந்தது 1961-ல். அந்தச் சிவப்புக்கு நான் பொறுப்பில்லை. அந்தப் புகழும் எனக்கில்லை' என்று சொல்லிச் சிரிப்பார். பையன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். இங்கிலாந்தில் பிரயன் மே என்ற வாலிபனும் அவனுடைய தகப்பனாரும் 1963-ல் தொடங்கி, பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரத்தைக் கொண்டு வீட்டிலேயே கித்தார் செய்த கதையைப் பையன்தான் எங்களுக்குச் சொன்னான். சட்டைப் பொத்தானும், பழைய மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கும் போட்டுச் செய்ததாம். பின்னாளில் உலகப் பிரசித்தி பெற்ற பிறகும் அவர் அதையே வாசித்தார். தகப்பனும் மகனுமாகச் செய்தது என்று சொன்னபோது பையனுடைய குரல் சற்று மாறிற்று. பெரியவர் அவன் பக்கம் கையை நீட்டினார், நான் கிளம்பிவிட்டேன்.

என்னோடு அவன் பேச ஆரம்பித்தது எப்போது என்று எனக்குத் திட்டமாகத் தெரியாது. லேக்கர் பூச்சு மாதிரி, ஒன்றுமே விழாததுபோல் இருந்தது. தபசுகாலத்தில் ஒரு நாள், பூசை உடுப்பறையில் மெழுகுதிரி அணைத்துக்கொண்டே, 'பாதர், மே மாதம் காய்ந்த வாரம் பார்த்துத் தொடங்கலாம் என்று தாத்தா சொல்லுகிறார்' என்றான்.

மே மாதம் தொடங்கினோம். வெந்நீர் அடுப்பின் சுடரை அணைத்தோம். முகமூடி கட்டினோம். தேன்நிறத்தைப் பையன் கொடுத்தான், செம்பழுப்பும் அவனே. நான் சீசாவை ஆட்டிக் கொடுத்தேன், வேறொன்றுக்கும் கை நீட்டவில்லை. பெரியவர் வாசலுக்கு வெளியே போர்வையைப் போர்த்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். மூன்றாம் நாள் கடைசி இருட்டு. ஒரு பக்கம் முழுவதும் சுற்றி வந்து, இடுப்பு வளைவின் முன்னால் பையன் நின்றான். நான் போன வருஷம் கையை நிறுத்திய அதே வளைவு. அவன் கன்னை என் பக்கம் நீட்டினான்.

வேண்டாம் என்று தலையசைத்தேன். அவன் நீட்டிய கையை மடக்கவில்லை. வெளியே நாற்காலி கிரீச்சிட்டது. 'என்ன, சத்தம் நின்றுவிட்டதே?' என்றார் பெரியவர். 'பாதர் தெளிக்கப் போகிறார், தாத்தா' என்றான் பையன். சற்று நேரம் பதில் வரவில்லை. பிறகு, 'அட்டையில் இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்' என்றார்.

அட்டையில் இரண்டு தடவை தெளித்தேன். பிறகு வளைவுக்கு வந்தேன். பையன் கதவோரம் குனிந்து நின்று, முகமூடியைச் சற்று விலக்கி, உள்ளே நடப்பதைத் தாத்தாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான்: 'தேன்... இன்னும் தேன்தான்... இப்போது செம்பழுப்பு, தாத்தா... ஓரம் இருட்டுகிறது...'

பெரியவர் தலையைச் சாய்த்துக் கன்னின் சீறலைக் கேட்டுக்கொண்டிருந்தார். 'நன்றாயிருக்கிறது. கையை நிறுத்தாதீர்கள், பாதர்' என்றார்.